மூன்றரை மணிக்கே இருட்டினால் என்ன செய்வது? குளிர்காலச் சோர்வுக்கு ஒரு வழிகாட்டி

குளிர் நாட்டில் முதல் குளிர்காலம் என்றால் எல்லோரும் குளிரை நினைத்துத்தான் தயாராகிறோம். கனத்த கோட்டு, கையுறை, கம்பளிக் காலுறை எல்லாம் அக்டோபரிலேயே அலமாரிக்கு வந்துவிடும். ஆனால் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் குளிர் இல்லை, இருட்டு. அதற்கென்று யாரும் எதையும் வாங்கி வைப்பதில்லை. நவம்பர் நடுவில் ஒரு நாள், அலாரம் மூன்று தடவை அடித்தும் எழுந்திருக்க மனம் வராது. ஒன்பது மணி நேரம் தூங்கியும் தூக்கம் தீர்ந்திருக்காது. நண்பர் போன் செய்தால் எடுக்கத் தோன்றாது. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் இனிப்பாக ஏதாவது கொறிக்கக் கை தேடும். “சோம்பேறி ஆகிவிட்டேன் போல” என்று தன்னையே திட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சுருண்டு படுப்போம்.

திட்டிப் பயனில்லை. மூளைக்குள் இருக்கும் கடிகாரம் பின்தங்கி ஓடத் தொடங்கியிருக்கிறது. அதைத் திருகி நேராக்குவதற்கு நம்மிடம் இருக்கும் ஆகச் சிறந்த கருவி காலை வெளிச்சம். இந்தக் கட்டுரையில் வரும் மற்ற யோசனைகள் எல்லாம் அதற்குப் பின்னால்தான் நிற்கின்றன. எல்லாவற்றையும் செய்ய முடியாதவர்கள் இரண்டாம், மூன்றாம் படிகளை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

மாதப் பெயர்களை பூமியின் வட பாதிக்குச் சொல்லியிருக்கிறேன். தென் பாதியில் வசிப்பவர்கள் ஆறு மாதம் தள்ளி வாசித்துக்கொள்ளவும்.

உள்ளே என்ன நடக்கிறது?

இரண்டு கண்ணிலிருந்தும் வரும் நரம்புகள் மூளையில் குறுக்கே சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. அதற்குச் சற்று மேலே சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட ஒரு சின்னக் கொத்து இருக்கிறது. எப்போது தூங்க வேண்டும், எப்போது பசிக்க வேண்டும், உடம்புச் சூடு எப்போது ஏற வேண்டும் என்று நேரம் சொல்வது அதுதான். அதில் ஒரு சிறு கோளாறு: பெரும்பாலான மனிதர்களுக்கு அந்தக் கடிகாரத்தின் ஒரு நாள் சரியாக 24 மணி நேரம் இருப்பதில்லை. சராசரியாகப் பத்து நிமிடம் போலக் கூடுதலாக ஓடும். தினமும் யாராவது அதை முன்னால் நகர்த்தி வைக்காவிட்டால் ஒரே வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பின்தங்கிவிடும்.

நகர்த்தி வைப்பது கண்ணில் விழும் காலை வெளிச்சம். விழித்திரையில், பார்ப்பதற்கான உயிரணுக்களைத் தவிர, “இப்போது எவ்வளவு வெளிச்சம்?” என்று மட்டும் கணக்கெடுக்கும் தனி அணுக்கள் உண்டு. அவற்றில் இருக்கும் மெலனாப்சின் என்ற நிறமி, 480 நானோமீட்டர் அளவிலான நீல ஒளிக்கு அதிகம் அசையும். பார்வையை முழுதாக இழந்தவர்களில் சிலருக்கு இந்த அணுக்கள் மட்டும் பிழைத்திருக்கும்; அவர்கள் உடம்புக்குப் பகல் இரவு தெரியும். இந்த அணுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது துலங்கியதே 2002 வாக்கில்தான்.

இப்போது டிசம்பர் 21ஐ எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் அன்று பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. ஸ்டாக்ஹோமில் சுமார் ஆறு. நார்வேயின் ட்ரொம்சோவில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடு வரை சூரியன் தொடுவானத்தைத் தாண்டி எழுவதே இல்லை. இருக்கிற அந்தக் கொஞ்சப் பகலிலும் நாம் பெரும்பாலும் கூரைக்கு அடியில்தான் இருக்கிறோம். கடிகாரத்தை நகர்த்த யாரும் வராததால் மெலடோனின் என்ற இரவுச் சுரப்பு காலையிலும் மிச்சமிருக்க, உடம்பு “இன்னும் விடியவில்லை” என்றே நம்பிக்கொண்டிருக்கும். மனநிலையோடு தொடர்புள்ள செரடோனின் என்ற மூளை வேதிப்பொருளும் இதில் பங்கு வகிப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆனால் காரணம் ஒன்றே ஒன்று என்று யாரும் முடித்துவிடவில்லை.

இதை ஒரு நோயாக முதலில் விவரித்தவர்களில் முக்கியமானவர் நார்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவர். தென்னாப்பிரிக்காவில் வளர்ந்தவர். 1976இல் நியூயார்க்குக்கு வந்த பிறகு, குளிர்காலம் வந்தால் தன் வேகம் படுத்துவிடுவதையும் வசந்தத்தில் எழுந்துகொள்வதையும் கவனித்தார். பின்னர் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து 1984இல் பருவகால மனச்சோர்வைப் பற்றியும் அதற்கு ஒளிச்சிகிச்சை தருவதைப் பற்றியும் எழுதினார். அங்கேயே பிறந்தவர்கள் “குளிர்காலம் என்றால் அப்படித்தான்” என்று விட்டுவிட்டதை, வெயிலில் வளர்ந்து வந்த ஒருவர் பிடித்தார் என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. புதிதாக வந்தவர்களுக்குத்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். உங்களுக்கும் தெரிகிறது என்றால் அதை நம்புங்கள்.

முதல் படி: ஒரு வாரம் குறித்து வையுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஏழு நாள் மட்டும் ஒரு தாளில் மூன்று எண்கள் எழுதுங்கள்: எத்தனை மணிக்கு எழுந்தேன், பகல் வெளிச்சத்தில் வெளியே எத்தனை நிமிடம் இருந்தேன், இன்றைய தெம்புக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். மூன்று எண் போதும். நாட்குறிப்பாக நீட்டினால் நான்காம் நாள் நின்றுவிடும்.

நான் எழுதிய முதல் வாரத்தில் நடு எண் ஐந்து நாள் பூஜ்யம். இருட்டில் கிளம்பி, நாள் முழுக்க விளக்கடியில் இருந்து, இருட்டில் திரும்பியிருக்கிறேன். அதுவரை எனக்கு அது உறைக்கவே இல்லை. பிறகு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தாலும் இந்தத் தாள் உதவும். “கொஞ்ச நாளாகவே சோர்வு” என்று சொல்வதைவிட இது பல மடங்கு மேல்.

இரண்டாம் படி: காலையில் வெளியே போங்கள்

வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். இரவில் விளக்கு போட்ட வீட்டுக் கூடம் 100 முதல் 300 லக்ஸ். நல்ல வெளிச்சமான அலுவலகம் 500. மேகம் மூடிய மந்தமான குளிர்காலப் பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். கோடை வெயில் ஒரு லட்சத்தைத் தொடும். கண்மணி தானாகச் சுருங்கி விரிவதாலும் கண் பழகிக்கொள்வதாலும் இந்த வித்தியாசம் நமக்குத் தெரிவதில்லை. அறைக்குள் வெளிச்சமாக இருப்பதாகத்தான் தோன்றும். கடிகாரத்தின் கணக்கில் அது அரையிருட்டு.

அதனால் “இன்று வெயிலே இல்லையே, வெளியே போய் என்ன பயன்?” என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். சாம்பல் வானமும் உங்கள் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு பிரகாசம்.

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், விடிந்திருந்தால், இருபது முதல் முப்பது நிமிடம் வெளியே இருங்கள். நடக்கலாம், நிற்கலாம், சூடான கோப்பையோடு வாசற்படியில் உட்காரலாம். கறுப்புக் கண்ணாடி வேண்டாம். சூரியனை நேராகப் பார்ப்பதும் வேண்டாம். வானம் கண்ணில் பட்டால் போதும். பேருந்தில் போகிறவர்கள் ஒரு நிறுத்தம் முன்பே இறங்கிக்கொள்ளலாம். முந்தின இரவே கோட்டு, செருப்பு, தொப்பி எல்லாவற்றையும் கதவருகே வைத்துவிடுங்கள். காலையில் கையுறை தேடுகிற அந்த இரண்டு நிமிடத்தில்தான் பாதிப் பேர் மனசு மாறித் திரும்பப் படுக்கிறார்கள்.

வேலைக்குக் கிளம்பும்போது இன்னும் விடியவில்லை என்றால்? முதல் இடைவேளையை வெளியே எடுங்கள். அதுவும் முடியாதென்றால் மதிய உணவு நேரத்தில் பதினைந்து நிமிடம். கடிகாரத்தை நகர்த்துவதில் மதிய வெளிச்சத்துக்குக் காலை வெளிச்சத்தின் பலம் இல்லை, ஆனால் தூக்கக் கலக்கத்தைக் குறைக்கும், மனசையும் லேசாக்கும். உட்காரும் இடத்தை ஜன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் நகர்த்துங்கள். ஜன்னலை விட்டு இரண்டு மூன்று மீட்டர் உள்ளே போனாலே வெளிச்சம் சரசரவென்று இறங்கிவிடும்.

புதியவர்களைக் குழப்பும் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22. ஆனால் மிகச் சீக்கிரமாகச் சூரியன் மறையும் நாள் அதற்கு முன்பே வந்து போய்விடுகிறது. மிகத் தாமதமாக உதிக்கும் நாளோ அதற்குப் பிறகுதான் வருகிறது. நடு அட்சரேகைகளில் அது டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் வாரம். “இனிப் பகல் நீளுமே” என்று எல்லோரும் சொல்லும்போது உங்கள் காலைகள் மட்டும் இன்னும் இருண்டுகொண்டே இருக்கும். ஜனவரி முதல் பாதி பலருக்கு டிசம்பரைவிட மோசமாக இருந்தால் வியப்பில்லை. அந்த இரண்டு வாரங்களில் எதையும் தளர்த்தாதீர்கள்.

நார்வேயில் ரியூகான் என்று ஓர் ஊர். ஆழமான பள்ளத்தாக்கில் இருப்பதால் ஆண்டில் ஏறக்குறைய ஆறு மாதம் நேர் வெயில் விழாது. 2013இல் மலைமேல் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, வெயிலை ஊர்ச் சதுக்கத்தில் விழச் செய்தார்கள். மக்கள் வந்து அந்த வட்டத்துக்குள் நிற்கிறார்கள். ஓர் ஊரே மலையில் கண்ணாடி வைக்கும்போது நாம் நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்துவது பெரிய வேலை இல்லை.

மூன்றாம் படி: ஒளிச்சிகிச்சை விளக்கு

வெளியே போக வழியில்லாதவர்களுக்கும், போயும் தெம்பு வராதவர்களுக்கும் இது. மற்றதைவிட இதைப் பற்றி அதிகம் சொல்லப் போகிறேன். விளக்கு வாங்கியவர்கள் அநேகர் அதைத் தப்பாகப் பயன்படுத்திவிட்டு, “எனக்கு வேலை செய்யவில்லை” என்று பரண் மேல் போட்டுவிடுகிறார்கள். முதல் வருஷம் நானும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தேன்.

மருந்துக்கு அளவு, நேரம் இருப்பதுபோல் வெளிச்சத்துக்கும் உண்டு. ஆய்வுகளில் அதிகம் சோதிக்கப்பட்ட அளவு 10,000 லக்ஸ், தினமும் 30 நிமிடம். 2,500 லக்ஸ் என்றால் இரண்டு மணி நேரம் உட்கார வேண்டியிருக்கும். வாங்கும்போது பெட்டியில் “10,000 லக்ஸ்” என்று இருந்தால் மட்டும் போதாது. எந்தத் தூரத்தில் என்று பாருங்கள். சில சின்ன விளக்குகள் மூக்கு இடிக்கும் தூரத்தில்தான் அந்த அளவைத் தரும். முகத்திலிருந்து 30 முதல் 60 சென்டிமீட்டர் தூரத்தில் 10,000 தருவதாக இருந்தால் சௌகரியம். தூரம் கூடக் கூட அளவு வேகமாகக் குறையும். இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் சரிபாதி அளவுகூட மிஞ்சாது. புற ஊதாக் கதிர்களை வடிகட்டியது என்று தெளிவாகப் போட்டிருக்க வேண்டும். வெளிச்சம் வரும் பரப்பு அகலமாக இருப்பது நல்லது. தலையைக் கொஞ்சம் அசைத்தாலும் வெளிச்சத்தை விட்டு விலகாது, கண்ணும் கூசாது. நிறம் வெள்ளையே போதும். தோலைப் பழுப்பாக்கும் விளக்குகள் முற்றிலும் வேறு. அவை புற ஊதாக் கதிர் தருபவை, இந்த வேலைக்கு உதவாது, கண்ணுக்கும் தோலுக்கும் கேடு.

பயன்படுத்தும் முறை இப்படி. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் உட்காருங்கள். விளக்கு கண்மட்டத்துக்குச் சற்று மேலேயும் கொஞ்சம் பக்கவாட்டிலும் இருக்கட்டும். வானத்து வெளிச்சம் மேலேயிருந்துதானே விழுகிறது. கண் திறந்திருக்க வேண்டும், ஆனால் விளக்கையே முறைக்க வேண்டியதில்லை. படிக்கலாம், சாப்பிடலாம், கணினியில் வேலை பார்க்கலாம். கண்ணை மூடித் தியானம் செய்தால் அந்த அரை மணி நேரம் விளக்குக்கு வீண். தினமும் ஒரே நேரம், விடுமுறை நாளிலும்.

பலருக்கு ஒன்று இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். முதலில் மாறுவது மனநிலை இல்லை. காலையில் எழுவது கொஞ்சம் எளிதாகும். அதைக் கவனிக்காமல் “இன்னும் சந்தோஷம் வரவில்லையே” என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடாதீர்கள். உங்கள் தாளில் இருக்கும் முதல் எண்ணைப் பாருங்கள்.

நான் செய்த தப்பு என்ன தெரியுமா? வேலை முடிந்து வந்து, ஏழு மணிக்கு விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். தெம்பு வந்தது, உண்மைதான். இரவு இரண்டு மணி வரை தெம்பாகவே கிடந்தேன். மாலை வெளிச்சம் கடிகாரத்தை எதிர்த்திசையில், இன்னும் பின்னால் தள்ளும். காலையில் நேராக்க வேண்டியதை நானே ராத்திரியில் கோணலாக்கிக்கொண்டிருந்தேன்.

தலைவலி, கண் எரிச்சல், குமட்டல், ஒருவிதப் படபடப்பு, இவை ஆரம்பத்தில் சிலருக்கு வரும். விளக்கைச் சற்றுத் தள்ளி வையுங்கள், அல்லது பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். பெரும்பாலும் சரியாகிவிடும்.

யார் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்? விழித்திரை நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோயால் கண் பாதிக்கப்பட்டவர்கள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள் கட்டாயம். வெளிச்சம் பட்டால் தோலோ கண்ணோ கூசச் செய்யும் மருந்து சாப்பிடுகிறவர்களும் கேட்க வேண்டும். சில ஆன்டிபயாடிக் மாத்திரைகள் இந்த வகை. இருமுனைக் கோளாறு, அதாவது பைபோலார் உள்ளவர்களுக்கு இது இன்னும் முக்கியம். பிரகாசமான ஒளி அவர்களை மிகை உற்சாக நிலைக்குத் தள்ளிவிடக்கூடும். விளக்கு போட்ட சில நாளில் தூக்கமே தேவையில்லாமல், பேச்சும் திட்டங்களும் கட்டுக்கடங்காமல் ஓடினால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

விடியல் விளக்கு என்று இன்னொன்று இருக்கிறது. எழ வேண்டிய நேரத்துக்கு அரை மணி அல்லது அதற்கும் முன்பிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரகாசமாகும் அலாரம் அது. பெரிய விளக்கின் இடத்தை அது முழுதாகப் பிடிக்காது. ஆனால் கும்மிருட்டில் அலாரம் அலறி எழுப்புவதோடு ஒப்பிட்டால், எழுவது மனிதத்தனமாக இருக்கும். பணம் ஒன்றுக்குத்தான் என்றால் பெரிய விளக்கையே வாங்குங்கள்.

நான்காம் படி: ராத்திரியை ராத்திரியாக விடுங்கள்

நாம் தூங்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பிருந்தே மெலடோனின் ஏறத் தொடங்குகிறது. அந்த நேரத்தில் கூரை விளக்குகளை அணைத்துவிட்டு, தாழ்வாக, மஞ்சளாக எரியும் ஒன்றிரண்டு விளக்கை மட்டும் வையுங்கள். போனை முழுக்க ஒதுக்க முடியாதவர்கள் திரையின் பிரகாசத்தை அடிமட்டத்துக்கு இறக்குங்கள். படுக்கைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெந்நீரில் குளித்தால், பிறகு உடம்புச் சூடு இறங்கும்போது தூக்கம் எளிதாக வரும். இது குளிர்காலத்துக்கென்றே கிடைத்த சுகம்.

காபி உடம்பில் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடுவதால் அப்போது ஒரு கோப்பை கேட்கத் தோன்றும். அதைத் தாண்டிப் போய்விட்டால் இரவு காப்பாற்றப்படும். மதுவும் அப்படித்தான், தூங்க வைப்பதுபோல் வைத்து, பின்னிரவில் எழுப்பிவிடும். மனச்சோர்வைக் கூட்டவும் செய்யும்.

வார இறுதியில் மதியம் வரை தூங்கும் ஆசைதான் எல்லாவற்றிலும் பெரிய எதிரி. சனி, ஞாயிறில் மூன்று மணி நேரம் கூடுதலாகத் தூங்கினால், வாரம் முழுக்க நேராக்கிய கடிகாரம் திங்கட்கிழமை மறுபடி பழைய இடத்துக்கே போயிருக்கும். எழும் நேரத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் தள்ளாதீர்கள். தாங்க முடியாவிட்டால் மதியம் மூன்று மணிக்கு முன் இருபது நிமிடக் குட்டித் தூக்கம் போடலாம்.

ஐந்தாம் படி: மனசு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்

உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கும் என்பது பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. அதை நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. தெரிந்தும் ஏன் செய்ய முடிவதில்லை என்பதுதான் பிரச்சினை.

நாம் வழக்கமாக மனசு வந்த பிறகு வேலையைத் தொடங்குகிறோம். குளிர்காலச் சோர்வில் மனசு வருவதே இல்லை. இந்தச் சோர்வில் வரிசை தலைகீழ்: முதலில் செய்ய வேண்டும், மனசு பின்னால் வரும். அதற்காகச் செய்யும் காரியத்தை வெட்கப்படும் அளவுக்குச் சின்னதாக்குங்கள். “தினமும் ஒரு மணி நேரம் ஓடுவேன்” என்பது வேண்டாம். “செருப்பைப் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போவேன்” என்பது போதும். தெருமுனையில் திரும்பிவிடலாம் என்று உங்களுக்கு நீங்களே அனுமதி கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான நாள் திரும்ப மாட்டீர்கள். திரும்பினாலும் பத்து நிமிட வெளிச்சம் லாபம்.

நடையைக் காலையில் வைத்தால் வெளிச்சமும் அசைவும் ஒரே செலவில் முடியும். பாதை வழுக்கும் நாட்களில் வீட்டுக்குள் படியேறி இறங்குங்கள். விழுந்து எலும்பை முறித்துக்கொண்டால் மீதிக் குளிர்காலம் முழுக்கக் கட்டிலில்தான்.

ஆறாம் படி: ஆட்களோடு நாள் குறியுங்கள்

குளிர்காலச் சோர்வு முதலில் பறித்துக்கொள்வது மனிதர்களை. யாரோடும் சண்டை இருக்காது. கூப்பிடத் தோன்றாது, அவ்வளவுதான். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் யாரோடும் பேசியிருக்க மாட்டோம்.

“ஒரு நாள் பார்க்கலாம்” என்ற பேச்சை இந்த மாதங்களில் எடுத்துவிடுங்கள். கிழமையும் மணியும் சொல்லி முடிவு செய்யுங்கள். வாரம் ஒரு முறை, ஒரே நாள், ஒரே ஆள். அன்றைக்குப் போக மனசு இருக்காது, அதனால்தான் முன்பே குறிக்கச் சொல்கிறேன். உடனிருப்பவர்களிடம் வெளிப்படையாகவே சொல்லி வையுங்கள்: “ஜனவரியில் நான் பேசாமல் இருந்தால் கோபம் என்று நினைக்காதே, வந்து என்னை வெளியே இழுத்துக்கொண்டு போ.”

மனசுக்குள் ஓடும் பேச்சுக்கும் இதில் பங்கு உண்டு. அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோஹன் குழுவினர், பருவகால மனச்சோர்வு உள்ள 177 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஆறு வாரம் ஒளிச்சிகிச்சை. மறு பாதிக்கு, குளிர்காலத்துக்கென்றே வடிவமைத்த சிபிடி எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றக் கற்றுத்தரும் பேச்சுச் சிகிச்சை. அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன. ஆனால் 2016இல் வந்த தொடர் முடிவின்படி, இரண்டு குளிர்காலம் கழித்து நோய் திரும்பியது ஒளிச்சிகிச்சைக் குழுவில் சுமார் 46 சதவீதம் பேருக்கு, சிபிடி குழுவில் சுமார் 27 சதவீதம் பேருக்கு. விளக்கை அணைத்தால் அதன் பலன் அதோடு சரி. கற்றுக்கொண்ட பழக்கம் கூடவே வருகிறது. ஆண்டுக்கு ஆண்டு இது திரும்புகிறது என்றால் இந்தச் சிகிச்சையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியது: “குளிர்காலத்தை வெறுக்கிறேன்” என்று நாளைக்குப் பத்து தடவை சொல்லும் பழக்கத்தைக் கவனியுங்கள். “இருட்டு எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் ஆறு மணிக்கு மேல் வீடு அடங்கிப் படிக்க முடிகிறது” என்பதும் உண்மைதான். கூடவே, இந்த மாதங்களில் மட்டுமே செய்யும் ஒரு காரியத்தை வைத்துக்கொள்ளுங்கள். தடிமனான ஒரு நாவல், பின்னல் வேலை, தொலைநோக்கியில் வானம் பார்ப்பது, எதுவானாலும். ட்ரொம்சோவில் ஆய்வு செய்த உளவியலாளர் கேரி லீபோவிட்ஸ், குளிர்காலத்தை ஒரு வாய்ப்பாகப் பார்ப்பவர்கள் வாழ்வில் நிறைவாக இருப்பதைக் கண்டார். பார்வை நன்றாக இருப்பதால் நிறைவா, நிறைவாக இருப்பதால் அப்படிப் பார்க்க முடிகிறதா என்று நான் கேட்பேன். இருந்தாலும் முயன்று பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

சாப்பாடும் மாத்திரையும்

இதில் நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. மாவுச்சத்தும் இனிப்பும் தேடுவது இந்தச் சோர்வின் அறிகுறிகளில் ஒன்று, உங்கள் ஒழுக்கக்கேடு இல்லை. காலை உணவில் புரதத்தைக் கூட்டினால் பதினொரு மணிப் பசி அடங்கும்.

வைட்டமின் டி பற்றி மட்டும் தெளிவாக இருங்கள். வடக்கே தள்ளிப் போகப் போக, குளிர்கால வெயிலில் தோல் அதைத் தயாரிக்கத் தேவையான கதிர் போதிய அளவு இருக்காது. ஜன்னல் கண்ணாடியும் அந்தக் கதிரைத் தடுத்துவிடும். கறுத்த தோலுக்கு இன்னும் அதிக வெயில் வேண்டும். பிரிட்டனின் தேசியச் சுகாதாரச் சேவை, இலையுதிர், குளிர்காலங்களில் எல்லோரும் தினமும் 10 மைக்ரோகிராம் எடுப்பதைப் பற்றி யோசிக்கச் சொல்கிறது. எலும்புக்கும் தசைக்கும் அது நல்லது. மனநிலைக்கு அது மருந்தா என்றால், 50 வயது தாண்டிய 18,000க்கும் மேற்பட்டோரை வைத்து அமெரிக்காவில் நடந்த சோதனையில், தினமும் எடுத்தவர்களுக்கு மனச்சோர்வு வருவது குறையவில்லை என்று 2020இல் தெரிந்தது. ஆகவே எடுங்கள், ஆனால் காலை நடைக்குப் பதிலாக எடுக்காதீர்கள். ஒளிச்சிகிச்சை விளக்கும் வைட்டமின் டி தராது. அதில்தான் புற ஊதாக் கதிரை வடிகட்டிவிட்டார்களே.

மனச்சோர்வுக்கென்று மூலிகை மாத்திரைகள் கடையில் கிடைக்கும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் அவற்றில் ஒன்று. மனச்சோர்வு மாத்திரை, கருத்தடை மாத்திரை உட்படப் பல மருந்துகளோடு அது மோதும். மருத்துவரிடம் சொல்லாமல் தொடாதீர்கள்.

மருத்துவரிடம் எப்போது போக வேண்டும்

இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும் பகுதி மனசு கனத்தே இருந்தால், பிடித்த எதுவும் பிடிக்காமல் போனால், வேலைக்கோ வகுப்புக்கோ போக முடியாமல் ஆனால், விளக்கை நம்பிக் காத்திருக்க வேண்டாம். தைராய்டு குறைவு, இரும்புச்சத்துக் குறைவு, பி12 குறைவு எல்லாம் இதே முகத்தோடு வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடுவதை மூன்று மாதம் குளிர்காலத்தின் மேல் பழி போட்டுக்கொண்டு சுமக்கக் கூடாது. மருந்து தேவைப்படுவது தோல்வி இல்லை. பருவகால மனச்சோர்வு வராமல் தடுக்கவே ஒரு மாத்திரைக்கு, புப்ரோபியானுக்கு, அமெரிக்காவில் 2006இல் அனுமதி தந்திருக்கிறார்கள்.

வாழ வேண்டாம் என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும் இந்தப் படிகளை எல்லாம் ஓரம் வைத்துவிடுங்கள். அன்றைக்கே, அந்த மணியிலேயே அருகில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவசர உதவி எண்ணையோ மருத்துவமனையையோ நாடுங்கள்.

எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது

சோர்வு வந்த பிறகு தொடங்கினால் மேட்டில் ஏறும் கதைதான். பகல் வேகமாகக் குறையும் செப்டம்பர் கடைசியிலேயே காலை நடையைத் தொடங்கிவிடுங்கள். விளக்கை அக்டோபரில் எடுத்துத் தூசு தட்டி வையுங்கள். கடிகார நேரத்தை ஒரு மணி நேரம் மாற்றும் நாடுகளில் இருப்பவர்கள், மாற்றிய அந்த வாரத்தில் மாலை திடீரென்று இருண்டுவிடும் என்பதை முன்கூட்டியே நினைவில் வையுங்கள். அந்த வாரத்துக்கென்று ஒரு நண்பரோடு நாள் குறித்துவிடலாம்.

நிறுத்துவதிலும் அவசரம் வேண்டாம். பிப்ரவரியில் இரண்டு நாள் வெயில் அடித்ததும் விளக்கைப் பரணில் ஏற்றுபவர்கள், மூன்றாம் வாரம் அதைத் தேடி இறக்குவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் எழும் நேரத்தில் வெளியே நன்றாக விடிந்திருக்கும் வரை, அநேகமாக மார்ச் நடு அல்லது கடைசி வரை, தொடருங்கள். பிறகு அரை மணியைக் கால் மணியாக்கி, ஒரு வாரம் பார்த்து, விடுங்கள்.

விடும் அன்றைக்கு அந்த மூன்று எண் தாள்களை எடுத்துப் பாருங்கள். தெம்பு மதிப்பெண் முதலில் சரிந்த வாரம் எது என்று கண்டுபிடித்து, அதற்கு மூன்று வாரம் முந்தைய தேதியில், வரும் ஆண்டு நாட்காட்டியில் “விளக்கு” என்று ஒரே ஒரு சொல் எழுதி வையுங்கள்.